மிளகாய் திரும்பி வந்தது

அத்தியாயம் 11

குவே குத்துச்சண்டைப் பயிற்சியில் அடிபட்டு விழுந்த விஷயம் அவன் அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று ஆண்கள் வீட்டில் முடிவாகி ஒரு வாரம் ஆகப்போகிறது. முடிவு செய்தது அப்பா ஒகாய். அதைக் காப்பாற்றிக் கொண்டிருந்தது தங்கை ஷோர்மே.

மீனவர் குப்பமான புக்கோமில் கல்யாணம் ஆன பிறகும் பெண்கள் தங்கள் அம்மா வீட்டிலேதான் இருப்பார்கள். ஆண்கள் அப்பன் வீட்டில். பையன்கள் மீசை அரும்புகிற வயதில் பாயைச் சுருட்டிக்கொண்டு ஆண்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சாயங்காலமானால் பெண்கள் வீட்டிலிருந்து ஆண்கள் வீட்டுக்குச் சாப்பாடு போகும். காலையில் கிண்ணம் திரும்பி வரும். இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து, ஒரு சாக்கடை. போக வர ஷோர்மே.

செவ்வாய்க்கிழமை கடலுக்கு ஓய்வு நாள் என்பதால் ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. ஆண்கள் வீட்டு முற்றம் நிறைந்திருந்தது. வலையைப் பிரித்துப் போட்டு நாலு பேர் தைத்துக்கொண்டிருந்தார்கள். குவே சுவர் ஓரமாக உட்கார்ந்து கைக்குச் சுற்றும் துணியை மடித்துக்கொண்டிருந்தான்.

"ஷோர்மே, ஏஜெண்ட் எப்ப வர்றாரு?"

"சாயங்காலம்ணே. வெயில் தாழ்ந்ததும் வர்றேன்னாரு." குவேயை ஜெர்மனியில் ஒரு சண்டைக்குக் கூட்டிப்போக இருப்பவர் அந்த ஏஜெண்ட்.

அவள் எனாமல் கிண்ணத்தின் மூடியைத் திறந்து பார்த்தாள். மீன் முள் சுத்தமாக இருந்தது. கென்கே என்கிற புளித்த சோள மாவு உருண்டை சுற்றியிருந்த சோள மட்டை காலியாக இருந்தது. ஓரத்தில் அம்மா அரைத்து வைத்த மிளகாய் மட்டும் நேற்று வைத்தபடியே இருந்தது.

"இன்னிக்கும் தொடலையா?"

"எரியுது."

"கென்கே?"

"அயிட்டே தின்னான். வீணாக்கலாமா?"

அயிட்டே சித்தப்பா மகன். இவனைவிட நாலு வயது சின்னவன், ஒரு பிரிவு எடை குறைந்தவன். போன வாரம் ஜிம்மில் குவேயைச் சாய்த்த கையும் அவனுடையதுதான். முகத்தில் தண்ணீர் ஊற்றியும் குவே சட்டென்று கண் திறக்கவில்லை. அந்த நேரத்தில் அயிட்டே கையுறையைக் கூடக் கழற்றாமல் அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதானாம். இப்போது அதே அயிட்டே வலையின் மறுபக்கத்தில் தலையைத் தூக்காமல் தைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, டாக்டர்கிட்ட ஒரு தடவை..."

"டாக்டர் எல்லாம் பாத்தாச்சு. ஸ்கேன் எடுத்தாச்சு. காகிதம் இருக்கு."

"அது விழறதுக்கு முன்னாடி எடுத்தது."

"நீ ஊரார் தலை பின்ற வேலையைப் பாரு. என் தலையை நான் பாத்துக்கறேன்." பிறகு துணியை மடித்து முடித்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டான்: "ஆமா, ஏஜெண்ட் எப்ப வர்றாரு?"

சற்றுமுன்தான் அவன் இதைக் கேட்டிருந்தான்.

"சாயங்காலம்," என்றாள் மெதுவாக.

அப்பா ஒகாய் குச்சியால் பல் தேய்த்தபடி வந்தார். அந்தக் காலத்தில் குத்துச்சண்டையில் தேசிய பட்டம் வரை போனவர். அடிபட்ட வலது கையின் இரண்டு விரல் இன்றும் மடங்காது.

"என்னம்மா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? பொம்பளைங்க வீட்டுக்கு ஒண்ணும் போகலையே?"

"போகலப்பா. ஆனா இவன் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேக்கறான்."

"இந்த வயசுல நான் எத்தனை தடவை விழுந்திருக்கேன் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் ஞாபகமில்ல," என்று சொல்லி அவரே சிரித்தார். வலை தைத்தவர்களும் சிரித்தார்கள். ஷோர்மே கிண்ணத்தை மூடினாள்.

சந்தின் நடுவே சாக்கடை ஓரம் வந்ததும் நின்றாள். இத்தனை நாளும் மிளகாயை இங்கேதான் கொட்டினாள். கொட்டி, குழாயில் கிண்ணத்தை அலசி, அண்ணன் நன்றாகச் சாப்பிட்டான் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

இன்று மூடியில் கை வைத்தாள். திறக்கவில்லை. அப்படியே நடந்தாள்.

*

பெண்கள் வீட்டு முற்றத்தில் பெரிய பானை கொதித்துக்கொண்டிருந்தது. அமர்லேயும் அவள் தங்கை டோர்ஷியும் எதிரெதிரே உட்கார்ந்து புளித்த சோள மாவை உருட்டி மட்டையில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா தங்கை இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள்; அயிட்டே டோர்ஷியின் மகன். அடுப்பு ஒன்று. மிளகாய் மட்டும் ஆளுக்கு ஒன்றாகத் தனித்தனியே அரைப்பார்கள்.

ஷோர்மே கிண்ணத்தை அம்மா பக்கத்தில் வைத்தாள். அலசாத கிண்ணம்.

அமர்லே மூடியைத் திறந்தாள். தொடாமல் கிடந்த மிளகாயைப் பார்த்தாள்.

"என் பையன் மிளகாய் இல்லாம கென்கே தின்ன நாள் உண்டா டோர்ஷி?"

"உன் மிளகாயை அவன் ஒருத்தன்தான் திம்பான். என் பையன் ஒரு தடவை தொட்டு நாக்குல வெச்சுட்டு கடற்கரை வரைக்கும் ஓடினான்."

"அப்ப மீனைத் தின்னது உன் பையன்."

டோர்ஷியின் கை நின்றது. இருவரும் ஷோர்மேயைப் பார்த்தார்கள்.

"இத்தனை நாளா எங்க கொட்டின?" என்றாள் அமர்லே.

"சாக்கடையில."

"வாய் கிழிஞ்சிருக்கா? தாடையா?"

"ரெண்டும்."

"அவ்வளவுதானா?"

ஷோர்மே உட்கார்ந்தாள். ஒரு மட்டையை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். விழுந்தது, கண் திறக்காமல் கிடந்தது, எழுந்து நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டது, இன்று காலை கேட்டதையே கேட்டது. அமர்லே ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள். அவள் அண்ணன்கள் மூன்று பேரும் குத்துச்சண்டைக்காரர்கள்; அவர்கள் காயத்துக்கு மருந்து போட்டது அக்காவான அவள்தான். எதைக் கேட்டால் பயப்பட வேண்டும், எதைக் கேட்டால் மருந்து போட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தெரியும்.

"யாரு அடிச்சது?" என்றாள் டோர்ஷி.

"அயிட்டே."

"வேணும்னு அடிச்சிருக்க மாட்டான்."

"ரிங்ல எல்லாரும் வேணும்னுதான் அடிப்பாங்க சித்தி."

"இல்ல, அவன் குவே மேல உசிரையே வெச்சிருக்கான்." டோர்ஷி மாவைத் திரும்ப உருட்டத் தொடங்கினாள். பிறகு அடங்காமல், யாரிடமோ சொல்வதுபோல, "குவேயையே சாய்ச்சுட்டானா," என்றாள். சொன்ன பிறகு வெட்கப்பட்டாள். அமர்லே அதைக் கவனித்தும் கவனிக்காத மாதிரி இருந்தாள்.

"நான் இப்பவே போறேன்," என்று எழுந்தாள் அமர்லே.

"போய்?"

"கத்துவேன்."

"கத்து. நாலு வீட்டு ஆம்பளைங்க முன்னாடி பெண்டாட்டி வந்து கத்தினா, உன் புருஷன் வீம்புக்காகவே பையனை பிளேன்ல ஏத்திடுவான். உனக்குத் தெரியாதா அவனை? உக்காரு அக்கா." டோர்ஷி அவள் பாவாடைத் துணியைப் பிடித்து இழுத்தாள். "சாப்பாடு அனுப்பாம விட்டா நம்ம மானம் போகும். அதுவும் வேணாம். சாப்பாடு அனுப்பு. கஞ்சி அனுப்பு."

அமர்லே திரும்பிப் பார்த்தாள்.

"நல்லா இருக்கற ஆம்பளைக்கு சாயங்காலம் யாராவது கஞ்சி அனுப்புவாங்களா? சோள மாவுக் கஞ்சி, தண்ணியா, சர்க்கரை கொஞ்சம். ஏஜெண்ட் முன்னாடி ஷோர்மே மூடியைத் திறக்கட்டும். நீ வாயே திறக்க வேணாம்."

*

மத்தியானம் ஒகாய் வந்தார். சந்து முனையில் நின்று, வழக்கம்போல உள்ளே வராமல், "அமர்லே," என்று கூப்பிட்டார். முப்பது வருஷத்துக் கல்யாணத்தில் அவர் இந்த வாசலைத் தாண்டியது குழந்தைகள் பிறந்தபோதும் சாவு விழுந்தபோதும்தான்.

"சாயங்காலம் விருந்தாளி. மீன் கொஞ்சம் கூட வறுத்து அனுப்பறியா? பெரிய மீனா."

"அனுப்பறேன். என்கிட்ட சொல்ல வேற எதாவது இருக்கா?"

அவர் மடங்காத விரல்களால் தாடையைத் தடவினார். "எதிர்ல நிக்கற ஆளு மாறிட்டான். அதான். முதல்ல பேசின ஜெர்மன்காரனுக்குத் தோள்பட்டை போச்சாம். புதுசா ஒருத்தன். தேதி மாறல."

"புதுசா வர்றவன் எப்படி?"

"இதுவரைக்கும் தோத்ததில்லைன்னாங்க."

"தோக்காத ஆளுக்கு எதிரா இங்கேருந்து ஆளு கூப்பிடறாங்கன்னா, ஜெயிக்கவா கூப்பிடறாங்க?"

"நீ ரேடியோ கேட்டுட்டுப் பேசற. படிச்சவங்க நாலு பேரு உக்காந்து, குத்துச்சண்டையே கூடாது, தலை போகுது, தடை பண்ணுன்னு பேசறாங்க. நானும் கேட்டேன். கடல்ல வருஷா வருஷம் ஆளு போறான். கடலைத் தடை பண்ணச் சொல்லேன்."

"கடல்ல விழறதை யாரும் டிக்கெட் வாங்கிப் பாக்கறதில்ல."

ஒகாய் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "அவனுக்கு வேற என்ன இருக்கு அமர்லே? வலையா? வலையில இப்ப பிளாஸ்டிக்தான் வருது. ஒரு சண்டை. அந்தக் காசோட வந்தான்னா சொந்தமா ஒரு மோட்டார் படகு."

"நான் படகு வேணாம்னு சொல்லல. என்கிட்ட சொல்ல எதாவது இருக்கான்னுதான் கேட்டேன்."

அவர் நின்றார். ஒரு நிமிஷம், சொல்லிவிடுவார் என்றே தோன்றியது. முப்பது வருஷமாக அந்த முகத்தைத் தூரத்திலிருந்தே படித்துப் பழகியவள் அவள்.

"ஒண்ணுமில்ல," என்றார்.

"சரி. மீன் வறுத்து அனுப்பறேன்."

அவர் போன பிறகு அமர்லே உள்ளே வந்து, கஞ்சிக்கு மாவைக் கரைத்தாள்.

*

ஏஜெண்ட் பொன்சு பளபளக்கும் காலணியைச் சாக்கடையில் படாமல் தூக்கித் தூக்கி வைத்து வந்தார். நல்ல மனிதர்தான். குழந்தைகளுக்கு பிஸ்கட் கொண்டு வந்திருந்தார். முற்றத்தில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார்கள். குவே வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். அவனுக்குத் துணையாகப் பயணம் போகவிருந்த அயிட்டே பக்கத்தில் நின்றான். ஒகாய்க்கு விசா கிடைக்காததால் சண்டை மேடை மூலையில் நின்று தண்ணீர் கொடுக்கவும் இடைவேளையில் முகம் துடைக்கவும் அவனைச் சேர்த்திருந்தார்கள்.

ஷோர்மே இரண்டு கிண்ணத்தோடு வந்தாள். பெரியதை விருந்தாளி முன்னால் வைத்தாள். மூடியைத் திறந்ததும் வறுத்த மீன் வாசனை எழுந்தது. சின்னதைக் குவே முன்னால் வைத்து, அதன் மூடியையும் அவளே திறந்தாள்.

வெள்ளையாக, தண்ணீராக, ஆவி பறந்தது.

வலை தைத்த பெரியவர்களில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார்.

"யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றார் பொன்சு.

"மாறி வந்திருக்கு," என்றான் குவே. "பக்கத்து வீட்டுக் கிழவருக்குப் போக வேண்டியது."

"மாறலண்ணே. அம்மா உனக்குத்தான் குடுத்து விட்டா."

ஒகாய் மகளைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

பொன்சு தன் கிண்ணத்திலிருந்து வால் பக்கமாக ஒரு மீன் துண்டை எடுத்தார். மொறுமொறுவென்று வறுத்தது. "இந்தா தம்பி. எனக்கு இவ்வளவு முடியாது. நீ தின்னு."

குவே வாங்கினான். வாயில் வைத்தான். பல் இறங்குவதற்குள் கண்ணில் தண்ணீர் நின்றது. அதையும் மீறிக் கடித்தான். சத்தம் வரவில்லை. ஆனால் கன்னம் முழுதும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. மீனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எப்ப?" என்று ஒகாயைக் கேட்டார் பொன்சு.

"பயிற்சியில. சின்ன அடி."

"அண்ணே, நான் இந்தத் தொழில்ல ரொம்ப நாளா இருக்கேன். என் ஆளு அங்க விழலாம். அது வேற. இங்க விழுந்தவனைக் கொண்டு போய் அங்க நிறுத்தினேன்னா, நாளைக்கு எவனும் எனக்குப் போன் பண்ண மாட்டான்." கோபமில்லாமல், சந்தையில் அழுகின தக்காளியைத் திருப்பி வைக்கிறவர் மாதிரிச் சொன்னார். "பையன் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். நல்லா ஆகட்டும். அடுத்த வருஷம் பாக்கலாம்."

கையைத் துடைத்தார். காகிதங்களைப் பைக்குள் வைக்கப் போனவர், வைக்காமல் தலையை நிமிர்த்தினார்.

"தம்பி, நீயும் சண்டை போடறவன்தானே? உன்கிட்ட விசா இருக்கு இல்ல?"

அயிட்டே தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

"அவன் எடை குறைவு," என்றார் ஒகாய் சட்டென்று.

"குறைவா இருந்தா அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அதிகமா இருந்தாதான் பிரச்சனை." பொன்சு அயிட்டேயைப் பார்த்துச் சிரித்தார். "இவனைச் சாய்ச்சது யாரு?"

யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அயிட்டேயின் முகமே சொல்லிவிட்டது.

குவே எழுந்து வாசல் பக்கம் நடந்தான். ஷோர்மே பின்னால் ஓடினாள். சந்தில், சாக்கடை ஓரம் நின்றான்.

"கஞ்சியை நீ இங்கேயே கொட்டியிருக்கலாம்," என்றான்.

"என்னால முடியலண்ணே."

அவன் தலையாட்டினான். கோபம் இருக்கிற மாதிரித் தெரியவில்லை, களைப்புதான் இருந்தது. தூரத்தில் யாரோ படகை இழுக்கப் பாடிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கேட்டான். பிறகு அவள் பக்கம் திரும்பி, இப்போதுதான் தோன்றினதுபோல, அதே குரலில் சொன்னான்:

"கஞ்சியை நீ இங்கேயே கொட்டியிருக்கலாம்."

ஷோர்மே அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரி போறோம். நான் வர்றேன். அம்மாவும் வருவா."

அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

*

அவள் வீட்டுக்குள் நுழையும்போது பானையை இறக்கியிருந்தார்கள். அமர்லே மகள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, அடுப்பங்கரைத் தூணில் சாய்ந்து ஒரு நீண்ட மூச்சு விட்டாள். டோர்ஷி அக்காவின் முதுகைத் தடவினாள்.

"பாத்தியா. ஒரு வார்த்தை பேசாம முடிஞ்சுது."

"சித்தி," என்றாள் ஷோர்மே. "குவேக்குப் பதிலா அயிட்டேயைக் கேக்கறாங்க."

டோர்ஷியின் கை அக்காவின் முதுகிலேயே நின்றது. முதலில் அவள் முகத்தில் வந்தது சந்தோஷம்தான். ஜெர்மனி, விமானம், ஊரே வழியனுப்ப வருவது, எல்லாம் ஒரு நொடியில் அந்த முகத்தில் ஓடின. பிறகு அது மெல்ல வடிந்தது.

"அவன் போகலாமா அக்கா?"

அமர்லே தூணிலிருந்து நிமிர்ந்தாள்.

"நீ சொல்லு. உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

"வேணாம் டோர்ஷி. அவன் சின்னவன். லேசு. அங்க நிக்கறவன் தோக்காதவன்."

"குவேக்கும் அவன் தோக்காதவன்தானே?" டோர்ஷி குரலை உயர்த்தவில்லை. "மூணு மாசமா அவன் சட்டையைத் துவைச்சு மடிச்சு வெச்சது நீதான். நான் கேட்டேனா, வேணாம்னு சொல்லுன்னு? உன் பையன் விழற வரைக்கும் இது நல்ல தொழில். என் பையனுக்கு வரும்போது கெட்ட தொழிலா?"

அமர்லேக்குத் தெரியும்: தங்கை சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதைவிட மோசம், போகச் சொன்னாலும் வேண்டாமென்று சொன்னாலும் இனி அது தன் பிள்ளையை வைத்துச் சொன்னதாகத்தான் டோர்ஷியின் காதில் விழும்.

"நான் அப்படி நினைக்கல," என்றாள் கடைசியில்.

"தெரியும். இருந்தாலும் கேட்டேன்."

வாசலில் நிழல் விழுந்தது. அயிட்டே. மீசை வந்த பிறகு அவன் இந்த வீட்டு வாசலில் இப்படித் தனியாக வந்து நின்றதில்லை. அண்ணன் சண்டைக்குப் போட்டுப்போகத் தைத்த பச்சை மேல்சட்டையைக் கையில் மடித்து வைத்திருந்தான். அவனுக்கு அது பெரிதாக இருக்கும்.

"வாடா," என்றாள் டோர்ஷி. "இப்பதான் பேசிட்டு இருந்தோம். கேக்க வந்தியா?"

"இல்லம்மா. சொல்ல வந்தேன்." எச்சிலை விழுங்கினான். "கையெழுத்துப் போட்டாச்சு."

டோர்ஷி பானை அருகிலேயே உட்கார்ந்துவிட்டாள். போகலாமா என்று சற்றுமுன் கேட்டவள், இப்போது மகனைப் பார்க்காமல் தரையையே பார்த்தாள்.

அமர்லேதான் நகர்ந்தாள். வாசலுக்குப் போய், அவன் கையிலிருந்த சட்டையை வாங்கி, அவன் தோளில் வைத்து அளந்தாள். எங்கே பிடிக்க வேண்டும், எவ்வளவு மடித்துத் தைக்க வேண்டும் என்று விரலால் கணக்குப் பார்த்தாள். அளந்துகொண்டே, அவள் அண்ணன்கள் சண்டைக்குப் போகும்போது வீட்டில் முதலில் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"எதிராளி எந்தக் கைக்காரன்? வலதா, இடதா?"

அயிட்டே யோசித்தான்.

"தெரியல பெரியம்மா. யாரும் சொல்லல."